‘சென்ட்’டுக்கும் ‘சென்ட்’டுக்கும் என்ன வித்தியாசம் என்று தமிழில் எழுதுவது எப்படி

எங்கள் தெருமுனையில் ஒரு மாவு மில் இருக்கிறது. பொங்கலுக்கு முன்னால் போர்டைப் புதுசாக எழுதினார்கள். மேலே தமிழில் ‘மிளகாய், மல்லி அரைத்துத் தரப்படும்’ என்று அழகாக எழுதிவிட்டு, கீழே இங்கிலீஷில் ‘ஃபிளவர் மில்’ என்று போட்டிருந்தார் பெயிண்டர். இதைத் தமிழ் எழுத்தில் படிக்கிற உங்களுக்கு ஒரு தப்பும் தெரியாது. நேரில் பார்த்தால் தெரியும், அங்கே இருந்தது பூவுக்கு உரிய ஸ்பெல்லிங். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து அரைக்கிற இடம் என்று ஆகிவிட்டது. மில்காரரிடம் சொன்னேன். “படிச்சா ஃபிளவர்னுதான டீச்சர் வருது?” என்றார். ஆமாம், அப்படித்தான் வருகிறது.

வீட்டுக்கு வந்து என் டியூஷன் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு குறிப்பு போட்டேன்: ‘ஃபிளவர் என்றால் பூ. ஃபிளவர் என்றால் மாவு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.’ போட்ட இரண்டாவது நிமிடம் ஒரு பையன், “டீச்சர், ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு?” என்று கேட்டான். திரும்பப் படித்துப் பார்த்தேன். குழப்பத்தைத் தீர்க்கப் போய் ஒரு கைப்பிடி கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். அன்றிலிருந்து இந்த மாதிரிச் சொற்களைத் தமிழில் எப்படி விளக்கி எழுதுவது என்று யோசித்து, எழுதி, பிள்ளைகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். டியூஷன் எடுப்பவர்கள், கடைக்குப் போர்டு எழுதுபவர்கள், பிள்ளைக்கு வீட்டில் சொல்லித் தருகிற அப்பா அம்மா, யாருக்கும் உதவும்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நாம் தமிழில் ஓர் இங்கிலீஷ் சொல்லை எழுதும்போது அதன் ஒலியைத்தான் எழுதுகிறோம், ஸ்பெல்லிங்கை எழுதுவதில்லை. ஒரே ஒலி உள்ள இரண்டு சொற்களுக்கு இருக்கிற ஒரே வித்தியாசம் ஸ்பெல்லிங்தான் என்றால், தமிழில் எழுதிய அந்த நொடியே அந்த வித்தியாசம் காணாமல் போகிறது. அதனால் தமிழ் எழுத்தில் சொல்லை மட்டும் எழுதினால் போதவே போதாது. பொருளைச் சொல்ல வேண்டும், எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், சொல் புழங்குகிற இடத்தையும் காட்ட வேண்டும். மூன்றும் வேண்டும்.

எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு சலிப்பு வேலை இருக்கிறது, சல்லடையில் சலிப்பதைச் சொல்கிறேன். கையில் இருக்கிற ஜோடி இங்கிலீஷிலேயே ஒரே ஒலியா, அல்லது நம் எழுத்தில் மட்டும் ஒன்றாகத் தெரிகிறதா? இது தெரியாமல் எழுதினால் பிள்ளைகளுக்குப் பொய் சொன்னதாகிவிடும். ‘பில்’ என்று எழுதுகிறோம். கடையில் தருகிற ரசீதும் பில், கருத்தடை மாத்திரையைச் சொல்கிறபோது அதுவும் பில். ‘கோல்டு’ என்று எழுதுகிறோம். கோல்டு கவரிங் கடையும் கோல்டு, கோல்டு காபியும் கோல்டு. இங்கிலீஷ்காரர் காதுக்கு இவை நன்றாகவே வேறு வேறு ஒலிகள். தமிழில் ‘க’ ஒன்றுதான், ‘ப’ ஒன்றுதான், ‘ட’ ஒன்றுதான். மென்மையாகச் சொல்வதா அழுத்திச் சொல்வதா என்பதை இடத்தைப் பார்த்து நம் நாக்கே முடிவு செய்துகொள்ளும், எழுத்து சொல்லாது. தமிழ்ச் சொற்களுக்கு அது அருமையான ஏற்பாடு. இரவல் சொல்லுக்கு அது கைகொடுப்பதில்லை.

‘வெஸ்ட்’ இன்னொன்று. மேல மாசி வீதியை இங்கிலீஷில் சொன்னால் வெஸ்ட் மாசி ஸ்ட்ரீட். அங்கே கடையில் தொங்குகிற பனியனும் வெஸ்ட். தமிழில் மட்டும் இல்லை, நம் வாயிலும் இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது. இங்கிலீஷில் திசைக்கு உதட்டைக் குவித்து ஆரம்பிக்க வேண்டும், பனியனுக்கு மேல்பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும். இதை விளக்கும்போது ‘ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள்’ என்று தலைப்பு வைக்காதீர்கள். ‘நாம் ஒரே மாதிரி சொல்லிவிடுகிற சொற்கள்’ என்று வையுங்கள். வேலை வேறு, தீர்வும் வேறு. ஒன்றுக்கு ஸ்பெல்லிங் கற்றுத்தர வேண்டும், இன்னொன்றுக்கு வாயைக் கற்றுத்தர வேண்டும்.

நிஜமாகவே ஒரே ஒலி உள்ளவை எது என்று கேட்டால், எனக்குப் பிடித்தது ‘சென்ட்’தான். மதுரையில் அந்தச் சொல்லைக் கேட்காமல் ஒருநாள் போகாது. ரிங் ரோடு பக்கம் போனால் ‘5 சென்ட் இடம் விற்பனைக்கு’. கல்யாண வீட்டுக்குப் போனால் ‘என்னய்யா சென்ட் இது, தலை வலிக்குது’. ஆபீஸில் ‘மெயில் சென்ட் ஆயிருச்சா’. மூன்றும் இங்கிலீஷிலும் ஒரே ஒலிதான், சந்தேகமே வேண்டாம். இதை முதலில் நான் எழுதியது இப்படி: ‘சென்ட் என்பது நில அளவு, சென்ட் என்பது வாசனை, சென்ட் என்பது அனுப்பியது. இடத்துக்கு ஏற்ப சரியான சென்டைப் பயன்படுத்தவும்.’ படிக்கும்போதே சிரிப்பு வருகிறது இல்லையா? எந்தச் சென்டை?

திருத்தி எழுதியது இது. ‘நிலத்தை அளக்கிற சென்ட்: சி-இ-என்-டி. நூறு என்ற பொருள் உள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, ஓர் ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, அதாவது 435.6 சதுர அடி. அமெரிக்கக் காசு சென்டும் இதே சொல்தான், டாலரில் நூறில் ஒன்று. வாசனைக்கான சென்ட்: அதே நான்கு எழுத்துக்கு முன்னால் ஓர் எஸ் நிற்கும். பாட்டிலை முகர்ந்ததும் ஸ்ஸ்ஸ் என்று மூச்சை இழுப்பீர்களே, அந்த எஸ். அனுப்பிவிட்டேன் என்பதற்கான சென்ட்: அதில் சி கிடையாது, எஸ்-இ-என்-டி. அனுப்பு என்கிற சொல்லின் கடைசி எழுத்து மாறி இறந்த காலம் ஆனது, அதனால் முதல் மூன்று எழுத்தும் அப்படியே இருக்கும்.’ இது கொஞ்சம் நீளம்தான். ஆனால் எந்த வரியிலும் ‘சென்ட்’ தனியாக நிற்கவில்லை, கவனித்தீர்களா? ஒவ்வொரு முறையும் முன்னால் ஒரு தமிழ்ச் சொல் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது: நிலத்தை அளக்கிற, வாசனைக்கான, அனுப்பிவிட்டேன் என்பதற்கான. அந்தக் கையை விடாதீர்கள். கட்டுரை முழுக்க, பத்தாவது முறை சொல்லும்போதும், விடாதீர்கள். சொன்னதையே சொல்கிறோமே என்று கூச்சமாக இருக்கும். படிக்கிறவருக்கு அது உதவி.

அடுத்தது எழுத்தை வாசிக்கிற விஷயம். இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒரு குழி. இங்கிலீஷின் இரண்டாவது எழுத்தையும் பதினாறாவது எழுத்தையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பி’. நான்காவதும் இருபதாவதும் இரண்டுமே ‘டி’. மேலே சொன்ன ரசீது பில்லையும் மாத்திரை பில்லையும் எழுத்து எழுத்தாகப் படித்தால் இரண்டும் ‘பி-ஐ-எல்-எல்’ என்றே வரும்! சல்லடையே ஓட்டை. இதற்கு நம் ஊரில் போனில் பெயர் சொல்கிறவர்கள் ரொம்ப நாளாக வழி வைத்திருக்கிறார்கள். கேஸ் புக் பண்ணும்போது, ரயில் டிக்கெட்டுக்குப் பெயர் சொல்லும்போது, “பி ஃபார் பாம்பே”, “பி ஃபார் பேப்பர்”, “டி ஃபார் டெல்லி”, “டி ஃபார் டைகர்” என்று சொல்வோமே, அதேதான். எழுத்திலும் ‘பாம்பே பி’, ‘பேப்பர் பி’ என்று எழுதிவிடுங்கள். அசிங்கமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

இன்னொரு குட்டிக் குழி: இங்கிலீஷின் ஐந்தாவது எழுத்தின் பெயரைத் தமிழில் ‘இ’ என்று எழுதுகிறோம். ஆனால் நம் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கும்போது ‘இ’ என்ற ஒலிக்கு ‘ஐ’ என்ற எழுத்தைத்தான் தட்டுவார்கள். அதனால் ‘நடுவில் இ வரும்’ என்று நீங்கள் எழுதினால் பாதிப் பேர் வேறு எழுத்தைப் போடுவார்கள். ‘எலிஃபன்டின் இ’, ‘இந்தியாவின் ஐ’ என்று ஒரு தடவையாவது சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

சொல் முழுவதையும் எழுத்து எழுத்தாக ஒப்பிக்க வேண்டிய அவசியம் பல சமயம் இல்லை. மாறுகிற இடத்தை மட்டும் காட்டினால் போதும். மாவுக்கும் பூவுக்கும் தலையும் வாலும் ஒன்று. வயிற்றில் மாவுக்கு ‘யூ’, பூவுக்கு ‘டபிள்யூ-இ’. அவ்வளவுதான். மொத்தமாக எழுதினால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓடிவிடும்.

ஞாபகம் வைக்கிற குறுக்குவழி சொல்லித் தருவது எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும். ஒரே ஒரு வேண்டுகோள், இங்கிலீஷ் புத்தகத்தில் இருக்கிற குறுக்குவழியை அப்படியே தமிழில் கொட்டாதீர்கள். அதில் இருக்கிற எதுகை மோனை நம் காதில் விழாது. நம் மொழியிலேயே தேடினால் கிடைக்கும். ‘ஸ்டேஷனரி’ என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன, நோட்டு பேனா விற்கிற கடைக்கு ஒன்று, நகராமல் நிற்பதற்கு ஒன்று. வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து. கடைசி ‘ஆர்’ எழுத்துக்கு முன்னால் நோட்டுக் கடைக்கு ‘இ’ வரும், அசையாததற்கு ‘ஏ’ வரும். இதைத் தமிழில் பாருங்கள்: எழுதுபொருளுக்கு ‘எ’, அசையாததற்கு ‘அ’. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடிக்கிற பிள்ளைகள் ‘எ’வுக்கு எதைத் தட்டுவார்கள், ‘அ’வுக்கு எதைத் தட்டுவார்கள்? அப்படியே பொருந்திவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஒரு ஜிகர்தண்டா நானே வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

அந்த ஜோடியின் பின்கதையும் சொல்லத் தகுந்தது. பழைய இங்கிலாந்தில் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்கிற வியாபாரிகள் ஒருபுறம், ஓரிடத்தில் கடை போட்டு உட்கார்ந்து புத்தகமும் தாளும் விற்பவர்கள் இன்னொருபுறம். இப்படி ஓரிடத்தில் நிலையாக உட்கார்ந்தவருக்கு ‘ஸ்டேஷனர்’ என்று பெயர். அவர் விற்ற சரக்கு ஸ்டேஷனரி. ஆக, இரண்டு சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான், நகராமல் இருப்பதுதான் அந்த வேர். மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் கடை போட்டு நோட்டுப் புத்தகம் விற்ற காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மாவும் பூவும்கூட அப்படித்தான். இரண்டும் பிரெஞ்சிலிருந்து வந்த ஒரே சொல். அரைத்ததில் மிக நைசான, உயர்ந்த பகுதியை ‘பூ’ என்று சொல்லியிருக்கிறார்கள். நாமும் ‘பூப்போல மாவு’ என்கிறோமே. 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில்கூட இரண்டையும் தனித்தனிச் சொல்லாகப் பிரிக்கவில்லை. பின்னால்தான் இரண்டு ஸ்பெல்லிங்கும் இரண்டு பொருளுக்கு நிலைத்தன. இதை மில்காரரிடம் போய்ச் சொன்னால் “அப்ப நான் எழுதுனது சரிதான?” என்று கேட்பார் என்பதால் இன்னும் சொல்லவில்லை.

இந்த மாதிரிக் கதைகளை அளவோடு வையுங்கள். எல்லா ஜோடிக்கும் ஒரு கதை தேடினால் குறிப்பு கதாகாலட்சேபமாகிவிடும். பொதுவாக ஒரு காரணத்தை ஒரே ஒருமுறை சொல்லலாம்: சுமாராக 1400லிருந்து 1700 வரை இங்கிலீஷின் நெடில் உயிரொலிகள் ஒன்றுவிடாமல் இடம் மாறின. நடுவில் 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் போட்டார், அச்சு பரவப் பரவ ஸ்பெல்லிங் மெல்ல உறைந்துபோனது, வாய் மட்டும் நிற்காமல் ஓடியது. முன்னே வேறு வேறாக ஒலித்த சொற்கள் ஓடிப்போய் ஓரிடத்தில் முட்டிக்கொண்டன, ஸ்பெல்லிங் மட்டும் பழைய முகவரியிலேயே நிற்கிறது. இறைச்சியைக் குறிக்கிற ‘மீட்’டும் சந்திப்பதைக் குறிக்கிற ‘மீட்’டும் அப்படி முட்டிக்கொண்டவைதான். போர்வீரனைக் குறிக்கிற ‘நைட்’டின் முன்னால் சும்மா நிற்கிறதே ஒரு ‘கே’, அதையும் ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். ‘இங்கிலீஷ்காரனுக்குப் பைத்தியமா டீச்சர்’ என்று கேட்கிற பிள்ளைக்கு இது போதும்.

நமக்கு இது புதுசும் இல்லை. விளாங்குடியைத் தாண்டினால் பரவை. அந்த ஊர்ப் பெயரைச் சின்ன ‘ர’ போட்டு எழுத வேண்டும், பெரிய ‘ற’ போட்டால் காக்கா குருவி ஆகிவிடும். பேசும்போது யாரும் வித்தியாசம் காட்டுவதில்லை. ‘வாளப்பளம்’ என்று சொல்லியே வளர்ந்த நாம் எழுதும்போது ‘வாழைப்பழம்’ என்று எழுதப் பழகியிருக்கிறோம். டிஎன்பிஎஸ்சி பாடத்திட்டத்தில் ‘ஒலி வேறுபாடறிந்து சரியான பொருளையறிதல்’ என்று ஒரு பகுதியே இருந்திருக்கிறது. மாவு மில் போர்டிலேயே பாருங்கள், ‘மல்லி’ என்றால் அங்கே கொத்தமல்லி, அதே சொல் மார்க்கெட்டில் 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி. பக்கத்தில் மிளகாய் இருந்ததால் யாரும் தலையில் வைக்கிற மல்லியை அரைக்கக் கொண்டுபோகவில்லை. பிள்ளைகளுக்கு இதிலிருந்து ஆரம்பியுங்கள். தன் மொழியில் ஏற்கெனவே செய்கிற வேலை என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

மிளகாய் செய்த அந்த வேலையை உதாரண வாக்கியம் செய்ய வேண்டும். பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். ‘பிரேக் நன்றாக இருந்தது’ என்று உதாரணம் எழுதினால் எந்தப் பிரேக்? வண்டியை நிறுத்துகிற பிரேக்கா, டீ குடிக்கிற இடைவேளையா? வாக்கியத்தைப் படித்தால் ஒரே பொருள்தான் பொருந்த வேண்டும். ‘தெப்பக்குளம் வளைவில் பிரேக் பிடிக்கவில்லை, ஆட்டோ நேராகக் கடைக்குள் போய்விட்டது’ என்றால் அது வண்டி பிரேக், ‘ஏ-கே-இ’ என்று முடிவது. ‘மூணு பாடம் முடிந்ததும் பத்து நிமிஷம் பிரேக்’ என்றால் அது இடைவேளை, ‘இ-ஏ-கே’ என்று முடிவது. மாறிப் போகக்கூடிய இடம் ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: பஸ்ஸில் பிரேக் கெட்டுப்போய் வழியில் நின்றால், கெட்டது வண்டி பிரேக், ஆனால் ‘பிரேக்டவுன்’ என்று எழுதும்போது வருவது மற்றது, உடைவதைக் குறிக்கிற அந்த ‘இ-ஏ-கே’. இந்த ஒரு வரிக்காகவே ஒரு வொர்க்‌ஷாப் பையன் எனக்கு நன்றி சொன்னான்.

சில சமயம் நம் வாய் இங்கிலீஷ் வாயைவிடத் தெளிவாக இருக்கும், அதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். காலேஜ் தலைவரை நாம் ‘பிரின்சிபால்’ என்கிறோம், கொள்கையை ‘பிரின்சிபிள்’ என்கிறோம். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒலி ஒன்றே. நாம் எழுத்தைப் பார்த்துப் படித்துப் பழகியதால் ஸ்பெல்லிங் நம் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது: பால் என்று முடிவதில் ‘பி-ஏ-எல்’, பிள் என்று முடிவதில் ‘பி-எல்-இ’, இரண்டும் பேப்பர் பி. இதைத் தப்பான உச்சரிப்பு என்று திட்டுவதைவிட, ஸ்பெல்லிங் மறக்காமல் இருக்க வைத்துக்கொள்வது நல்லது.

‘யாருக்கு ஒரே ஒலி’ என்பதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அமெரிக்காவில் பெரும்பாலானோர் அத்தையையும் எறும்பையும் ஒரே மாதிரி சொல்வார்கள். இங்கிலாந்தில் அத்தைக்கு நம் ‘ஆன்ட்டி’போல நீளும். தென் இங்கிலாந்தில் அப்பாவைக் குறிக்கிற சொல்லும் ‘இன்னும் தூரமாக’ என்பதைக் குறிக்கிற சொல்லும் ஒன்றாகவே ஒலிக்கும், நாமோ நடுவில் இருக்கிற ‘ர்’ரை விடாமல் உருட்டுவோம். இதெல்லாம் சொல்லாமல் ‘இவை ஒரே ஒலி’ என்று அடித்து எழுதினால், யூடியூபில் வேறு மாதிரி கேட்ட பிள்ளை வந்து உங்களை மடக்கும்.

அப்புறம், ஒரு குறிப்பில் ஒரு ஜோடிதான். ஐம்பது ஜோடியை அட்டவணை போட்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் பையில் போய் மடிந்து கிடக்கும். அதுவும் இரண்டு சொல்லையும் ஒரே நாளில் சொல்லித் தருவது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. சாமான் எடை போடுகிற ‘வெயிட்’டை இன்றைக்குச் சொல்லி, அதற்குள்ளே எட்டு என்கிற இங்கிலீஷ் சொல் அப்படியே ஒளிந்திருக்கிறது என்று காட்டி, எட்டுக் கிலோ அரிசி மூட்டையோடு மனதில் உட்கார வைத்துவிட்டு, காத்திருக்கிற ‘வெயிட்’டை அடுத்த வாரம் சொல்லுங்கள். ஒன்று உட்கார்ந்த பிறகு மற்றது வந்தால் அடித்துக்கொள்ளாது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. யாருக்காவது போன் போட்டு அதை வாய்விட்டுப் படியுங்கள், எதிர்முனையில் இருப்பவர் கேட்டுக் கேட்டு இங்கிலீஷ் சொல்லைத் தாளில் எழுதட்டும். நான் மேலூரில் இருக்கிற சித்தி மகளுக்குப் போடுவேன், அவள் பத்தாவது படிக்கிறாள், தயவு தாட்சண்யம் கிடையாது. மனை விற்கிற ‘சைட்’, பார்வை என்கிற ‘சைட்’ இரண்டையும் பற்றி எழுதியதை நேற்று அவளிடம் படித்தேன். மனைக்கு ‘எஸ்-ஐ-டி-இ, டைகர் டி’ என்று சரியாகவே எழுதினாள். பார்வைக்கு நான் வைத்திருந்த உதாரணம், பஸ் ஸ்டாண்டில் பையன்கள் சைட் அடிக்கிறார்களே அந்தச் சைட் என்பது. “அக்கா, அது பக்கத்துல நிக்கிற சைடு இல்லையா? நான் டெல்லி டி போட்டேன்” என்றாள். உதாரணத்தை அடித்துவிட்டு ‘கண் டாக்டர் பார்க்கிற சைட்’ என்று மாற்றி எழுதியிருக்கிறேன். இன்று சாயங்காலம் மறுபடி போன் போட வேண்டும்.